நான் ஓட்டாத டக்கோட்டா

1

இந்த நாட்டுக்கு வந்த எட்டு வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட உருப்படியான விஷயம் ஒன்றுதான். பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வந்தால் அன்றைக்கே படித்துவிட வேண்டும். படிக்காமல் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு நாலு நாள் திரிந்தேன். அதனால் வந்த வினையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சீட்டைக் கொண்டுவந்தவள் என் மகள் மாலதி. பதினோரு வயது. அவளுக்கு மூன்று வயதிருக்கும்போது இங்கே வந்தோம். ஐந்து வயதில் என்னை ‘அப்பா’ என்றாள், எட்டு வயதில் ‘டாடி’ என்றாள், இப்போது ‘டாட்’. இன்னும் இரண்டு வருஷம் போனால் ‘டா’ என்று நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

சீட்டில் இருந்தது இதுதான்: வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பத்தில் ஒருவர் செய்த காரியத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் பேச வேண்டும். மாலதி எடுத்திருக்கும் தலைப்பு, ‘இந்தியாவில் விமானம் ஓட்டிய என் அப்பா’. படம் ஏதாவது இருந்தால் தயவுசெய்து கொடுத்தனுப்பவும்.

நான் விமானம் ஓட்டியதில்லை. ஓட்டுவது இருக்கட்டும், ஒரு தடவைகூடப் பறந்ததில்லை. இங்கிலாந்துக்கு வந்தது கப்பலில்தான். மூன்று வாரமும் படுக்கையைவிட்டு எழுந்திருக்காமல், பக்கத்துப் படுக்கைக்காரரின் தலைவலித் தைலத்தைத் தீர்த்துக்கொண்டு வந்தவன்.

என் மனைவி சரோஜா சீட்டைப் படித்துவிட்டு என்னிடமே நீட்டினாள்.

“இதுக்கு என்ன பதில் எழுதப் போறீங்க?”

“பக்குவமா எடுத்துச் சொல்லிடுறேன்.”

“எப்ப?”

“நாளைக்கு.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் எழுந்தபோது மாலதி கோட்டு, தொப்பி, நோட்டுப் புத்தகம் சகிதம் வாசலில் நின்றாள். இரண்டு பஸ் மாறிப் போனால் பழைய விமானங்கள் வைத்திருக்கும் மியூசியம் ஒன்று இருக்கிறதாம். இந்தியாவில் நான் ஓட்டியதாக அவள் நம்பிய டக்கோட்டா விமானமும் அதில் இருக்கிறதாம். “யூ கேன் ஷோ மி எவரிதிங், டாட்” என்றாள். எங்கள் வீட்டுப் பக்குவம் அந்த லட்சணத்தில் ஆரம்பித்தது.

2

திருச்சியில் எனக்கு என்ன வேலை என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளை எடுத்தால் காவேரிப் பாலம், சத்திரம், தென்னூரில் ஒரு டீ, அப்புறம் புதுக்கோட்டை ரோட்டில் எதிர்க்காற்றை மிதித்துக்கொண்டு செம்பட்டு ஏரோட்ரோம். போய்ச் சேர்ந்ததும் வேர்வையைத் துடைத்து, வெள்ளைச் சட்டை மாட்டி, டை கட்டிக்கொண்டு எடை மிஷின் பக்கத்தில் நிற்பேன். கொழும்புக்கும் சென்னைக்கும் போகிற பிரயாணிகளை எடை போடுவதுதான் என் வேலை.

மூட்டையை மட்டுமல்ல, ஆளையும் எடை போட வேண்டும். அந்தச் சின்ன விமானங்களுக்கு ஒவ்வொரு பவுண்டும் கணக்கு. இது தெரியாமல் வந்த பெரிய மனிதர்கள் மிஷினைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றுவார்கள், கைக்கடிகாரத்தைக் கழற்றுவார்கள், மூச்சை அடக்கிக்கொள்வார்கள். எல்லா எடையையும் கூட்டி ஒரு காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, விமானத்தில் ஏறி, பைலட் அறை வாசலில் நின்று கேப்டனிடம் நீட்டுவேன். அவரும் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் நகரும்.

இங்கே வந்ததும் வேலை தேடித் தரும் அரசாங்க ஆபீசுக்குப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர், ஊரில் என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டார். நெஞ்சை நிமிர்த்தி, “ஏரோட்ரோம், சார். பாசஞ்சர் வெயிட்” என்றேன். இங்கிலீஷில் எடைக்கும் காத்திருப்பதற்கும் ஓசை ஒன்றுதான் என்பதும், ஓட்டலில் பரிமாறுகிறவனை அதை வைத்தே ‘வெயிட்டர்’ என்பார்கள் என்பதும் எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் ஒரு ஓட்டலில் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு, வாழ்நாளில் தொட்டிராத மாட்டுக்கறித் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அந்தத் தப்பைத் திருத்த நாலு விண்ணப்பப் பாரமும் இரண்டரை வருஷமும் பிடித்தன. இப்போது ரயில்வே பார்சல் ஆபீசில் எடை போடுகிறேன். பார்சல்கள் செருப்பைக் கழற்றுவதில்லை என்பது ஒரு சௌகரியம்.

மாலதிக்கு ஐந்து வயதிருக்கும்போது ஒரு நாள், “இந்தியாவுல நீங்க என்ன பண்ணினீங்க?” என்று கேட்டாள். நான் அப்போதுதான் ஓட்டலிலிருந்து கால் வீங்கி வந்திருந்தேன். “நான் கையெழுத்துப் போடாம ஒரு ப்ளேனும் கிளம்பாது, தெரியுமா?” என்றேன். சத்தியமான வார்த்தை. அதன் மேல் அவள் ஒரு பைலட்டைக் கட்டி எழுப்பிக்கொண்டாள். அவனுக்குத் தொப்பி வைத்தாள், கறுப்புக் கண்ணாடி மாட்டினாள். நான் தடுக்கவில்லை. ஆறு வருஷமாக எங்கள் வீட்டில் எனக்கு இருந்த ஒரே மரியாதை அதுதான்.

3

மியூசியம் ஒரு பெரிய தகரக் கொட்டகை. உள்ளே வெளியைவிடக் குளிர். போர்க்காலத்து விமானங்கள் கயிறு கட்டி நிறுத்தப்பட்டிருந்தன. கடைசியில் இருந்தது டக்கோட்டா.

மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்திருந்தது. அதே சதுர ஜன்னல்கள். எனக்கு ஒரு கணம் செம்பட்டு வெயில் முதுகில் அடித்தது. கூடவே கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. திருச்சியில் இன்னமும் இந்த விமானத்துக்கு ஜனங்கள் டிக்கெட் வாங்கி ஏறிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே அதைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வைத்துப் பார்க்க டிக்கெட் வாங்குகிறார்கள்.

சுற்றிக் காட்ட ஒரு பெரியவர் இருந்தார். வெள்ளை மீசை, மார்பில் சின்னம். விமானப் படையில் இருந்தவராம், பேர் மிஸ்டர் பெல். அவர் வாயைத் திறப்பதற்குள் மாலதி சொல்லிவிட்டாள், எங்கள் அப்பா இந்தியாவில் இதைத்தான் ஓட்டினார் என்று.

அவர் முகம் மலர்ந்த விதத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எந்த வருஷம், எந்த வழித்தடம், எத்தனை மணி நேரம் என்றெல்லாம் கேட்டார். நான் இருமினேன். கயிற்றை அவிழ்த்து, சாதாரணமாக யாரையும் உள்ளே விடுவதில்லை, உங்களைப் போன்ற ஒருவர் வந்திருக்கும்போது என்று என்னென்னவோ சொல்லி, என்னை மேலே ஏற்றினார். சாய்ந்த நடைபாதையில் மலை ஏறுவதுபோல ஏறினோம். மாலதி என் கோட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சரோஜா சாப்பாட்டுக் கூடையோடு கீழேயே நின்றுவிட்டாள். என்னை ஒரு பார்வை மட்டும் பார்த்தாள். எனக்குப் புரிந்தது. புரிந்தும் ஏறினேன்.

பைலட் அறை வாசல்வரை எனக்குத் தெரிந்த இடம். அதற்கு அப்பால் நான் போனதே இல்லை. மிஸ்டர் பெல் என்னை இடதுபக்க நாற்காலியில் உட்காரவைத்தார். எதிரே நூறு முள்ளும் வட்டமும்.

“மகளுக்குக் காட்டுங்களேன், எஞ்சினை எப்படிக் கிளப்புவீர்கள்?” என்றார்.

மாலதி பென்சிலை நோட்டில் ஊன்றிக்கொண்டு காத்திருந்தாள்.

ஏதாவது செய்தாக வேண்டும். முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மூடி தெரிந்தது. கம்பீரமாக அதைத் திறந்தேன்.

“அது ஆஷ்ட்ரே” என்றார் மிஸ்டர் பெல், மிக மெதுவாக.

அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை. ஜன்னல் வழியாக வேறெங்கோ பார்த்தார். இந்த ஊர்க்காரர்களின் மரியாதை சில சமயம் செருப்படியைவிட வலிக்கும்.

“ஐ வாஸ் நாட் தி பைலட்” என்றேன். “ஐ டுக் தி வெயிட்.”

இவருக்கும் வெயிட் விளங்கவில்லை. ஆனால் மாலதிக்கு முதல் பாதி விளங்கிவிட்டது. நோட்டை மூடினாள். திரும்பி நடைபாதையில் இறங்கினாள். சரிவில் அவள் காலடி தடதடவென்று கேட்டது.

4

மழை தூறிக்கொண்டிருந்தது. கொட்டகைக்கு வெளியே கூரை போட்ட இடத்தில் ஒரு மரப் பெஞ்சியில் உட்கார்ந்து தயிர்சாதத்தைத் திறந்தோம். மாலதி சாப்பிடவில்லை. எனக்கும் தனக்கும் நடுவில் இரண்டு ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தாள்.

சரோஜாவுக்கு அவள்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். என்மேலும் கொஞ்சம் வந்திருக்கலாம். எங்கள் கல்யாணக் கதையை எடுத்தாள். இங்கே எந்தத் தமிழ்க் குடும்பம் வீட்டுக்கு வந்தாலும் காப்பியோடு பரிமாறப்படும் கதை அது. மாலதியிடம்தான் முழுசாகச் சொன்னதில்லை.

“உங்கப்பா ஓட்டலைன்னா என்ன? ஏரோட்ரோம்லதான் வேலை பாத்தாரு. எங்கள எடை போட்டதே அவருதான்” என்றாள்.

சரோஜாவின் ஊர் தொட்டியம். வாழை வியாபாரக் குடும்பம். அவள் அண்ணன் கொழும்பில் கடை வைத்திருந்தார். அவரைப் பார்க்க அவளும் அவள் அம்மாவும் புறப்பட்டு வந்தார்கள். வழியனுப்ப அவள் அப்பா. கூட இரண்டு பீங்கான் ஜாடி, ஒன்றில் மாவடு, ஒன்றில் நார்த்தங்காய்.

“அம்மாவும் நானும் மிஷின்ல ஏறி இறங்கினோம். ஜாடியத் தூக்கி வெச்சதும் இவரு முகம் மாறிப் போச்சு. ப்ளேன்ல இன்னும் பன்னிரண்டு பவுண்டுதான் ஏத்தலாமாம். ஜாடி நாப்பத்திரண்டு இருந்துச்சு. அம்மா, ‘தம்பி, புள்ள ஒரு வருஷமா ஊர் ஊறுகாய் கேட்டு எழுதுறான், பாத்துச் செய்யுங்க’ன்னாங்க. இவரு என்னைப் பாத்தாரு, ஜாடியப் பாத்தாரு, பன்னிரண்டுன்னு எழுதிட்டாரு!”

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிச்சத்தையும் சொன்னாள். அவளும் அம்மாவும் ஏறி உட்கார்ந்த பிறகு இரண்டு ஆட்கள் முக்கி முனகி ஜாடியைத் தூக்கி வருவதைக் கேப்டன் பார்த்துவிட்டார். ஜாடிகள் இறக்கப்பட்டன; அவள் அப்பா அதற்குள் ஊருக்குக் கிளம்பிப் போயிருந்தார். என்னை எடை மிஷினிலிருந்து எடுத்துச் சரக்குக் கொட்டகையில் போட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டு ஜாடியையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறித் தொட்டியத்துக்கே போய் ஒப்படைத்தேன். அவள் அப்பாவுக்கு என்னைப் பிடித்துப்போயிற்று. விசாரித்ததில் தூரத்து உறவும் ஒட்டியது.

வழக்கமாக இந்த இடத்தில் விருந்தாளிகள் சிரிப்பார்கள். மாலதி சிரிக்கவில்லை.

“தர்ட்டி பவுண்ட்ஸ்” என்றாள். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டாள். அவள் தானாகத் தமிழில் கேள்வி கேட்டு வெகுநாளாகியிருந்தது. “கேப்டன் பாக்கலைன்னா, ப்ளேன் விழுந்திருக்குமா?”

“முப்பது பவுண்டுக்கெல்லாம் விழாதும்மா.”

“நிச்சயமா தெரியுமா?”

நான் தயிர்சாதத்தைப் பார்த்தேன். பதின்மூன்று வருஷமாக இந்தக் கதையில் நான் ஒரு காதலன். ஒரு பெண்ணுக்காகத் தராசுமுள்ளை ஏமாற்றியவன். அந்த விமானத்தில் இருபத்தைந்து பேர் உட்கார்ந்திருந்தார்களே என்று எந்த விருந்தாளியும் கேட்டதில்லை. பதினோரு வயதுப் பெண் கேட்டாள்.

“தெரியாது” என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் காலையிலிருந்து பொய் சொல்லி அலுத்துப்போயிருந்தது. சரோஜாவுக்குத் தெரியாத மிச்சத்தையும் சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு நான் கேப்டனிடமும் இதையேதான் சொன்னேன். முப்பது பவுண்டுதான் சார், ஒன்றும் ஆகாது என்றேன். அவர் குடகுக்காரர், அதிகம் பேசாதவர். இறக்கைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தோம். கத்தவில்லை. “ஒன்றும் ஆகாதா? நல்லது. முன்னால் ஒரு மடக்கு நாற்காலி இருக்கிறது. ஜாடியும் வரட்டும், நீயும் வா. நாளைக்குத் திரும்பலாம்” என்றார்.

“பாஸ்போர்ட் இல்லை சார்” என்றேன்.

“அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

“ராத்திரி வீட்டில் தேடுவார்கள் சார்.”

அவர் காத்திருந்தார். நான் அசையவில்லை. நிஜமாகவே என்னை ஏற்றியிருப்பாரா, வெறும் பேச்சுக்குச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கேட்டார், நான் ஏறவில்லை. அதன் பிறகுதான் ஜாடிகளை இறக்கச் சொன்னார்.

சொல்லி முடித்தபோது சரோஜா சாதப் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தாள். மூடி சரியாக உட்காரவில்லை. மறுபடி எடுத்து மறுபடி வைத்தாள்.

“அப்ப நான் உள்ள உக்காந்திருந்தேன்” என்றாள்.

“ஆமாம்.”

“எங்கம்மாவும்.”

“ஆமாம்.”

“எங்கப்பா, பையன் பொறுப்பானவன்னு சொல்லித்தான் என்னக் கட்டிக் குடுத்தாரு.”

மழை விட்டிருந்தது. திரும்பும் பஸ்ஸில் தாயும் மகளும் முன் வரிசையில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். நான் பின்னால், கூடையோடு.

5

இரண்டு நாள் எங்கள் வீட்டில் செய்திகள் மாலதி மூலமாகவே போய்வந்தன. “அப்பாவச் சாப்பிட வரச் சொல்லு.” “அப்பா ஷூவ வழியில கழட்டிப் போட வேண்டாம்னு சொல்லு.” மாலதி அதையெல்லாம் இங்கிலீஷில் மொழிபெயர்த்து என்னிடம் சேர்ப்பித்தாள். என் மனைவியின் கோபம் எனக்கு அந்நிய பாஷையில் வந்து சேர்ந்தது இதுவே முதல் தடவை. அப்படியும் அதன் உறைப்பு துளிகூடக் குறையவில்லை.

பள்ளிக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். என் மகளின் தலைப்பில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது, பிழை என்னுடையது என்று ஆரம்பித்து நாலு காகிதம் கிழித்தேன். ஐந்தாவதை எழுதும்போது மாலதி வந்து எட்டிப் பார்த்தாள்.

“வேண்டாம் டாட். மிஸ்கிட்ட நானே சொல்லிட்டேன்.”

“என்னன்னு சொன்னே?”

“தலைப்ப மாத்திட்டேன்னு.” இரண்டாகக் கிழித்துப் போட்டிருந்த காகிதத்தை எடுத்து அடுக்கினாள். “அம்மாவப் பத்திப் பேசப் போறேன். அம்மாதான் ப்ளேன்ல போயிருக்காங்க.”

எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் விமானம் என்றால் நான்தான். ரோட்டுக்கு மேலே எது பறந்தாலும் அண்ணாந்து பார்த்து எஞ்சின் எத்தனை, சீட் எத்தனை என்று விளக்கம் சொல்பவன் நான். அப்போதெல்லாம் சரோஜா பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் சமையலறையில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே சொல்ல, மாலதி மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவள் தமிழில் சொன்னாள், இவள் இங்கிலீஷில் எழுதினாள். நான் கூடத்தில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“ஏறினதும் ஒரு பொண்ணு வந்து தட்டுல பஞ்சும் மிட்டாயும் குடுத்தா. பஞ்சு காதுக்கு. எங்கம்மா தெரியாம பஞ்ச வாயில போட்டுக்கிட்டாங்க.”

மாலதி சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

“அப்புறம்?”

“அப்புறம் ஒரே சத்தம். பல்லெல்லாம் ஆடுது. ஓடுது, ஓடுது, ஓடிக்கிட்டே இருக்கு, பஸ்ஸு மாதிரி ரோட்டுலயே கொழும்பு போயிடும்போலன்னு நெனச்சேன். திடீர்னு சத்தம் மாறுச்சு. ஜன்னல்ல பாத்தா பனைமரம் கீழ இருக்கு. ஒரு வட்டம் அடிச்சான். மலைக்கோட்டை ஒரு கூழாங்கல்லு மாதிரி. காவேரியும் கொள்ளிடமும் ரெண்டு வேட்டியக் காயப் போட்டாப்பல. அதுக்கு நடுவுல ஸ்ரீரங்கம். அங்கயா அத்தன ஜனம் இருக்குன்னு ஆச்சரியமாப் போச்சு.”

நான் பேப்பரை மடித்தேன். எழுந்து போய்ச் சமையலறை வாசலில் நின்றேன். இதே ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். கல்யாணம் ஆகிப் பன்னிரண்டு வருஷம். மேலேயிருந்து அது எப்படி இருந்தது என்று அவளிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

“பயந்தியா?” என்றேன்.

சரோஜா திரும்பவில்லை. ரசத்தில் கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டாள்.

“பயம் இல்லாம? கேப்டன் இறங்கிப் போயி வெளில உங்ககிட்ட என்னமோ பேசிக்கிட்டிருக்காரு. ஜன்னல் வழியா பாக்குறேன். என்னமோ கோளாறுன்னு தெரியுது, என்னன்னு தெரியல. இறங்கிடலாம்மான்னேன். அம்மா, அண்ணன் அங்க வந்து காத்துக்கிட்டிருப்பான்டீன்னாங்க. சரின்னு உக்காந்துட்டேன்.” அடுப்பை அணைத்தாள். “வேற என்ன பண்றது?”

அந்தக் கேள்வி யாருக்கு என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அது மாலதி வழியாக வரவில்லை. நேராக என்னிடமே வந்தது.

மாலதி எழுதி முடித்துவிட்டுப் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா.”

அந்த வார்த்தையைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. காட்டிக்கொண்டால் திரும்ப எடுத்துக்கொள்வாள்.

“திருச்சிராப்பள்ளிக்கு இங்கிலீஷ்ல ஸ்பெல்லிங் என்ன? ஃபுல் நேம்.”

“ரொம்ப நீளம்” என்றேன்.

“பரவால்ல, சொல்லுங்க.”

அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். சரோஜா மூன்று தட்டு எடுத்து வைத்தாள்.